உருகுநீர் பிரித்துப் போட்ட மணல்

கேரளத்திற்குக் கொன்றைப் பூவும் தென்னையும், தமிழ்நாட்டிற்குச் செங்காந்தளும் பனையும் மாநில அடையாளங்களாக இருப்பதைப் போல, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திற்கு ஒரு மண் அடையாளமாக இருக்கிறது. அதன் பெயர் கல்காஸ்கா மணல். 1927இல் தனி மண் வகையாக வரையறுக்கப்பட்டு, 1990இல் மாநில மண்ணாக அறிவிக்கப்பட்டது. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பிறந்து, வேலைக்காலம் முழுவதையும் மண் பரிசோதனைக் கூடத்தில் கழித்த எனக்கு, ஒரு மாநிலம் தனக்கென்று ஒரு மண்ணைத் தேர்ந்தெடுத்தால் விளைச்சலில் பேர்போன ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும் என்ற எண்ணம் இருந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்ததோ உழவர் கைவிட்டுப் போன காட்டு மணல். மகளின் குடும்பம் அங்கே இருப்பதால் அந்த மண்ணைக் குழி வெட்டிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. எங்கள் சித்தூர் வட்டத்துக் கருமண்ணையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கடைசிப் பனியூழியின் உச்சத்தில், அதாவது ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கனடாவின் பெரும்பகுதியையும் அமெரிக்காவின் வட மாநிலங்களையும் லாரன்டைடு என்று பெயரிடப்பட்ட பனிவிரிப்பு மூடிக்கிடந்தது. ஹட்சன் விரிகுடாப் பக்கம் அதன் தடிமன் சுமார் மூன்று கிலோமீட்டர். அது நகர்ந்த வழியெல்லாம் பாறைகளைப் பெயர்த்து, அரைத்து, தன் உடலுக்குள்ளேயே சுமந்து வந்தது. பிறகு வெப்பம் ஏற ஏற அதன் விளிம்பு வடக்கு நோக்கிப் பின்வாங்கியது. மிச்சிகனின் வடபகுதியை விட்டுப் பனி முற்றிலும் விலகிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. ஒரு மண்ணின் வயதாகப் பார்த்தால் இது மிகக் குறைவு. பாலக்காட்டுக் கணவாயின் மண், பாறை இருந்த இடத்திலேயே சிதைந்து, அதைவிடப் பல மடங்கு நீண்ட காலத்தில் உருவானது. நம் துணைக்கண்டத்திலும் பனியாற்றுப் படிவுகள் உண்டு. ஒடிசாவின் தால்ச்சேர் பகுதியில் உள்ளவை ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. ஆனால் அவை எப்போதோ கல்லாக இறுகிவிட்டன.

பனி நேரடியாக இறக்கி வைத்த பொருளும், பனி உருகிய நீர் கொண்டுபோய்ச் சேர்த்த பொருளும் வேறு வேறு என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். பனி கரையும் இடத்திலேயே விழுந்த கலவையில் யானையளவு பாறையும் மாவு போன்ற களியும் (களிமண் துகளும்) ஒன்றாகக் கிடக்கும். எந்தத் தரம்பிரிப்பும் இருக்காது. உருகுநீரோ விளிம்பிலிருந்து பல கிளைகளாகப் பிரிந்து ஓடி, வேகம் குறையும் வரிசையில் முதலில் கூழாங்கல்லையும், அடுத்துப் பருமணலையும், அதற்கும் அப்பால் நடுத்தர மணலையும் விட்டுச் செல்கிறது. வண்டலும் களியும் மிதந்தபடி இன்னும் தொலைவில் உள்ள ஏரிக்கோ கடலுக்கோ போய்விடுகின்றன. முறத்தில் புடைப்பதைப் போன்ற வேலைதான் இது; முறத்தில் நின்றது மணல், பறந்துபோனது களி. இப்படிப் படிந்த சமவெளிகளில் மணல் பல மீட்டர் ஆழத்திற்கு அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அந்த மண்ணின் எல்லாக் குணங்களும், அதன் வடிகால், வறுமை, அமிலத்தன்மை, அதில் நிற்கும் மரம் ஆகிய அனைத்தும், களி இல்லாமல் போன இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகின்றன.

மண் அறிவியலில் 0.05 முதல் 2 மில்லிமீட்டர் வரையுள்ள துகள் மணல், 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது களி. எங்கள் ஊர்க் கருமண்ணை நனைத்து விரலிடையில் தேய்த்தால் நாடா போல நீளும், கையை விட்டுப் போகவும் மறுக்கும். கல்காஸ்கா மணலை நனைத்துப் பிடித்தால் பிடி விட்டதும் உதிர்கிறது. உள்ளங்கையில் ஒரு கறைகூட மிஞ்சுவதில்லை. துகள்களில் பெரும்பாலானவை குவார்ட்ஸ். அது எளிதில் சிதையாது. சிதைந்தாலும் செடிக்குக் கொடுப்பதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை.

குழியின் சுவரைப் பார்ப்பதுதான் இந்த மண்ணின் பெரிய இன்பம். கருமண்ணில் ஒரு மீட்டர் வெட்டினாலும் மேலிருந்து கீழ்வரை ஏறத்தாழ ஒரே கருமை. கீழே போகப் போகச் சுண்ணாம்பு முடிச்சுகள் தென்படும், அவ்வளவே. இங்கே சுவர் பட்டை பட்டையாக இருந்தது. மேலே அரைகுறையாக மட்கிய சருகு. அதன்கீழ், மட்கு கலந்த கருமையான மெல்லிய மணல். அதற்கும் கீழே, இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட சாம்பல் நிறத்தில் வெளுத்துப்போன மணல் பட்டை ஒன்று, கழுவிக் காயவைத்ததைப் போல. சட்டென்று அடுத்த பட்டை கரும் செம்பழுப்பாக மாறுகிறது. அந்த எல்லை நேர்க்கோடாக இல்லை. பழைய வேர் சென்ற வழிகளில் வெளுத்த மணல் நாக்கு நாக்காகக் கீழே இறங்கியிருக்கிறது. கரும்பட்டையில் ஆங்காங்கே மணல் சிமெண்டு பூசியதைப் போல இறுகி, கைக்கரண்டி பட்டால் சத்தம் எழுப்பியது. அதற்குக் கீழே நிறம் மெல்ல வெளிறி, ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு அப்பால், பனியாற்று நீர் போட்ட நாளில் இருந்த வெளிர்பழுப்பு மணலே வந்துவிடுகிறது. மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் மன்செல் நிறப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை பக்கங்களை ஒரே குழிக்காகப் புரட்டியது எனக்கு அதுவே முதல் முறை.

பள்ளிப் புவியியல் பாடத்தில் பாட்சோல் என்று படித்திருப்போமே, அந்த வகைதான் இது. ஊசியிலை மரங்களின் சருகும் வடக்கத்திய கடின மரங்களின் சருகும் குளிரில் மெதுவாக மட்கும்போது கரிம அமிலங்கள் உண்டாகின்றன. மழைநீரோடு இறங்கும் இந்த அமிலங்கள் மணல் துகள்களின்மேல் பூச்சாக ஒட்டியிருக்கும் இரும்பையும் அலுமினியத்தையும் பற்றிக்கொண்டு கீழே கொண்டுபோகின்றன. பூச்சு போன துகள் வெறும் குவார்ட்ஸாக வெளுத்துத் தெரிகிறது. கீழே இறங்க இறங்க, அமிலம் சுமக்கும் உலோகத்தின் பங்கு கூடுகிறது. ஒரு கட்டத்தில் அந்தச் சேர்மம் நீரில் கரைந்து நிற்க முடியாமல் படிந்துவிடுகிறது. நுண்ணுயிரிகள் கரிமப் பொருளைத் தின்றுவிடுவதாலும் உலோகம் அங்கேயே நின்றுபோகிறது. அந்த இடம்தான் செம்பழுப்புப் பட்டை. களி மிகுந்த மண்ணில் அமிலம் சில அங்குலங்களுக்குள்ளேயே முறிந்துவிடும். சுண்ணாம்பு உள்ள எங்கள் மண்ணில் தொடங்குவதற்கே வழியில்லை. மணலில் அதை மறிக்க ஆள் இல்லாததால்தான் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் இவ்வளவு தெளிவான பட்டைகள் அமைந்துவிட்டன.

இதில் பனிப்பொழிவுக்கும் பெரிய பங்கு உண்டு என்பதை நான் அங்கே போன பிறகுதான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். மிச்சிகன் ஏரியின்மேல் வரும் குளிர்காற்று ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டிய நிலத்தில் பனியாகக் கொட்டுகிறது. தடித்த பனிப்போர்வையின் கீழ் இருக்கும் மண் உறைவதில்லை. வசந்தத்தில் அந்தப் பனி அவசரமின்றி, நாள்கணக்கில், சருகின் வழியாகக் கசிந்து இறங்குகிறது. கோடை இடிமழையைப் போல் வந்து ஆவியாகிவிடாமல், முழுவதும் மண்ணுக்குள் போகும் நீர் அது. அதனால் பனி மிகுதியாக விழும் பட்டையில் கல்காஸ்கா மணலின் அடுக்குகள் அழுத்தமாகவும், பனி குறைவான உட்பகுதியில் அதே போன்ற மணலில் மங்கலாகவும் இருக்கின்றன.

படங்களை ஊரில் என் தம்பியிடம் காட்டியபோது அவன் நிறத்தையெல்லாம் பொருட்படுத்தவில்லை. “அக்கா, பெய்யறதெல்லாம் இப்படி அடியில போயிருச்சுன்னா, மரம் எதைக் குடிக்கும்?” என்று கேட்டான். ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று ஆண்டுதோறும் காத்திருந்து கடலை போடுகிறவன் கேட்கக்கூடிய கேள்வி அதுதான்.

கணக்காகச் சொல்வதென்றால், இத்தகைய மணல் ஒரு மீட்டர் ஆழத்தில் செடி எடுத்துக்கொள்ளக்கூடிய நீராக 50 முதல் 80 மில்லிமீட்டர் வரை மட்டுமே வைத்திருக்கும். மணலும் வண்டலும் களியும் அளவாகக் கலந்த மண் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வைத்திருக்கும். கோடையில் காடு நாளொன்றுக்கு நான்கைந்து மில்லிமீட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், இருப்பு இரண்டு மூன்று வாரம் தாங்குவதே அரிது. ஆனால் அங்கே மழை நம்மைப் போல் இரண்டு பருவங்களில் கொட்டிவிட்டு நின்றுவிடுவதில்லை. ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்கிறது. கோடையும் நம் கோடையன்று. மேலும், மணல் தான் வைத்திருக்கும் சிறிதளவு நீரைக் கஞ்சத்தனமின்றிக் கொடுத்துவிடும். கருமண்ணோ நிறைய நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதில் ஒரு பங்கைச் செடி வாடிச் சாகும்போதும் விட்டுக்கொடுக்காது. சித்திரை மாதத்தில் எங்கள் கரிசல் காட்டில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்து கிடக்கும்போதும், கட்டியை உடைத்து ஆய்வுக்கூடத்து அடுப்பில் உலர்த்தினால் எடை குறையத்தான் செய்யும்.

இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நுண்மணலுக்குக் கீழே பருமணலோ கூழாங்கல்லோ இருந்தால் நீர் இன்னும் வேகமாக இறங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அது அங்கே தயங்கி நின்றுவிடுகிறது. நுண்மணலின் சிறு இடைவெளிகள் நீரை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. கீழே உள்ள பெரிய இடைவெளிகளுக்கு அதை இழுக்கும் வலு இல்லை. மேலடுக்கு ஏறத்தாழ நிறைந்த பிறகே நீர் கீழே இறங்கத் தொடங்கும். உருகுநீர் ஒரு பருவத்தில் நுண்மணலும் மறு பருவத்தில் பருமணலும் போட்டுச் சென்றதால் இத்தகைய எல்லைகள் அந்தச் சமவெளி முழுவதும் புதைந்திருக்கின்றன. சில இடங்களில் ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில் விரல் தடிமனுக்கும் குறைவான களிப்பட்டைகளும் அலையலையாக ஓடுகின்றன. அவை தேக்கி வைக்கும் ஈரம், மேலே ஊசியிலை மரம் நிற்குமா, மேப்பிள் நிற்குமா என்பதையே மாற்றிவிடக்கூடியது. மேலே நடந்து போகிறவருக்கு இரண்டும் ஒரே மணல்.

நம் வேளாண் கையேடுகள் எந்தப் பயிரைச் சொன்னாலும் ‘நல்ல வடிகால் வசதியுள்ள மண் ஏற்றது’ என்று ஒரு வரி எழுதிவிடும். மஞ்சளுக்கும் அதே வரி, வாழைக்கும் அதே வரி. அமெரிக்க மண் ஆய்வாளர்கள் வடிகாலை ஏழு படிகளாகப் பிரிக்கிறார்கள். அதில் ‘நல்ல வடிகால்’ மூன்றாவது படி. கல்காஸ்கா அதற்கும் ஒரு படி மேலே, ஓரளவு மிகையான வடிகால் என்ற இடத்தில் இருக்கிறது. அதன் அண்டை வகையான கிரேலிங் மணல் எல்லாவற்றிற்கும் மேலே, மிகை வடிகாலில் இருக்கிறது. இந்தப் படிகளை ஒரு வாளி நீரை ஊற்றி அது இறங்கும் நேரத்தைக் கொண்டு மட்டும் தீர்மானிப்பதில்லை. வேர் இருக்கும் ஆழத்தில் ஆண்டில் எவ்வளவு காலம் நீர் தேங்கி நிற்கிறது என்பதே அளவுகோல். நீர் தேங்கினால் காற்று போகாது, இரும்பு ஒடுக்கமடைந்து சாம்பல் நிறத் திட்டுகளும் துருப் புள்ளிகளும் தோன்றும். ஆய்வாளர் தேடுவது அந்தப் புள்ளிகளைத்தான். இதே மணல் தாழ்வான பகுதிக்கு இறங்கி நிலத்தடி நீரைத் தொடும் இடத்தில், துகள் சற்றும் மாறாமலேயே, வடிகால் கெட்ட மண்ணாகிவிடுகிறது. மணல் என்றாலே வடிகால் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சத்துக்கு வருவோம். கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்றவற்றைப் பிடித்து வைக்கும் திறனை 100 கிராம் மண்ணுக்கு எத்தனை மில்லி ஈக்விவலன்ட் என்று அளப்போம். மணலில் அது பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து வரை. கருமண்ணில் உள்ள ஸ்மெக்டைட் வகைக் களியில் மட்டும் 80க்கு மேல். நன்கு மட்கிய மட்கில் அதையும் தாண்டும். ஆகவே இந்த மணலில் சத்தைப் பிடித்து வைக்கும் வேலையைச் செய்வது கனிமப் பகுதியன்று, மேலே உள்ள சில அங்குலச் சருகும் மட்கும்தான். இலை விழுகிறது, பூஞ்சை அதை உடைக்கிறது, விடுபட்ட சத்து மணலுக்குள் நழுவிப் போவதற்குள் மேலாகவே பின்னிக்கிடக்கும் வேர்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன, அது மீண்டும் இலையாகிறது. ஆறடி ஆழத்திற்குத் தம்பி மண்ணைத் தோண்டினாலும் கருமண்ணில் கணக்கில் கொஞ்சம் இருப்பு இருக்கும். அந்த மணலில் கணக்குப் புத்தகம் முழுவதும் முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதி மரத்தின் உடலில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிச்சிகனின் வெள்ளைப் பைன் காடுகள் ஒட்டுமொத்தமாக வெட்டப்பட்டபோது நடந்ததை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடிகிறது. தடிகள் ஆற்றில் மிதந்து அறுவை ஆலைகளுக்குப் போயின. கிளைகளும் சிராய்களும் காய்ந்து கிடந்த நிலத்தில் தீ திரும்பத் திரும்பப் பிடித்தது. 1871 அக்டோபரில் எரிந்தது அவற்றுள் பெரியது. மரம் போனதோடு நின்றிருந்தால் காடு தலையெடுத்திருக்கும். தீ சருகையும் மட்கையும் சேர்த்து எரித்தது. வெட்டிய நிலத்தை விவசாய நிலம் என்று விற்றார்கள். வாங்கியவர்களுக்கு முதல் ஓரிரு வெள்ளாமை வந்தது. பிறகு வெறும் மணல்தான் மிஞ்சியது. வரி கட்ட முடியாமல் அவர்கள் விட்டுப் போன நிலங்கள் மாநிலத்திடம் திரும்பி, இன்று அரசுக் காடுகளாக இருக்கின்றன. 1930களில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அங்கே பல கோடி மரக்கன்றுகள் நடப்பட்டன. வடக்கே கிங்ஸ்டன் சமவெளியில் அன்று வெட்டிய பைன் மரங்களின் அடிக்கட்டைகள் இன்றும் வெட்டவெளியில் நிற்கின்றன. நட்டவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வரிசை பிடித்து நிற்கும் அந்தச் சிவப்புப் பைன் தோட்டங்களை காடு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கிரேலிங் மணல் இன்னும் வறியது. அதில் பாட்சோல் பட்டைகள்கூடச் சரியாக அமையவில்லை. அங்கே நிற்பது ஜாக் பைன் என்ற குட்டையான மரம். அதன் கூம்புகள் பிசினால் ஒட்டி மூடியிருக்கும், பெரும்பாலும் தீயின் வெப்பம் பட்டால்தான் திறந்து விதையை உதிர்க்கும். கிர்ட்லாண்ட் வார்ப்ளர் என்ற சிறு பறவை, ஏறத்தாழ ஐந்து முதல் இருபது வயது வரையுள்ள ஜாக் பைன்களின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில், தரையில் கூடு கட்டுகிறது. மழை பெய்தாலும் தரைக்கூட்டில் நீர் தேங்காத மண் அது. பஹாமாஸ் தீவுகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு இந்த மணலைத் தேடி வரும் அந்தப் பறவை, காட்டுத்தீயை மனிதர் அணைக்கத் தொடங்கியதும் அழிவின் விளிம்புக்குப் போனது. மரங்களை முறை வைத்து வெட்டி நட்டு, இளங்காடு தொடர்ந்து இருக்குமாறு பார்த்துக்கொண்ட பிறகு எண்ணிக்கை பெருகி, 2019இல் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

தம்பியின் கேள்விக்கு இன்னொரு பாதி மறுமொழி பாக்கியிருக்கிறது: மரம் குடிக்காமல் அடியில் போன நீர் எங்கே போகிறது? கிரேலிங் ஊரின் வழியே ஓடும் ஆசேபிள் ஆற்றுக்குப் போகிறது. பெருமழை பெய்தாலும் அந்த ஆறு கலங்கிப் பெருகுவது அரிது. மழை நின்றாலும் வற்றுவதில்லை. மேலே விழுந்த நீர் ஓடாமல் மணலுக்குள் இறங்கி, நிலத்தடியில் குளிர்ந்து, கரையோர ஊற்றுகளாக ஆண்டு முழுவதும் ஒரே சீராக வந்து சேர்கிறது. கோடையிலும் தண்ணீர் சில்லென்று இருப்பதால் அது டிரவுட் மீன்களுக்குப் பேர்போன ஆறு. அந்த மீன்களைக் காக்க 1959இல் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டதே அதன் கரையில்தான். ஊருக்குப் பெயர் கொடுத்த கிரேலிங் மீன் மட்டும், தடி மிதக்கவிட்ட காலத்திலும் அளவின்றிப் பிடித்ததிலும் நலிந்து, 1930களில் மிச்சிகனிலிருந்தே மறைந்துபோனது. எங்கள் சித்தூர்ப்புழை மழையில் பொங்கி, மாசி பங்குனியில் மணலும் பாறையுமாகக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, மழைக்கும் ஆற்றுக்கும் இடையே மண் இவ்வளவு பொறுமையாக நின்று கணக்கு வைப்பது வியப்பாகவே இருந்தது.

அதே இறக்கம் வேறொன்றையும் கொண்டுபோகிறது. பனியாற்று மணல் சமவெளிகளில் இன்று வட்டமாகச் சுழலும் பாசனக் குழாய்களை நிறுத்தி உருளைக்கிழங்கு பயிரிடுகிறார்கள். கல் இல்லாத மணலில் கிழங்கு வடிவாக வரும், அறுவடையும் எளிது. ஆனால் மணலுக்குச் சத்தைப் பிடிக்கத் தெரியாது, அதிலும் எதிர்மின் ஏற்றமுள்ள நைட்ரேட்டைக் களியே பிடிப்பதில்லை. போட்ட தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பயிர் எடுக்காத பகுதி அடுத்த மழையில் வேரைக் கடந்து கிணற்று நீரில் கலக்கிறது. மிச்சிகனுக்கு மேற்கே உள்ள விஸ்கான்சின் மாநிலத்தின் நடு மணல் சமவெளியில் இது பழைய தலைவலி. உரத்தைச் சிறு சிறு பங்காகப் பிரித்து மேலுரமாக இடுவதும், நீரை அளந்து அடிக்கடி விடுவதும்தான் அவர்கள் கண்ட வழி; நம் மணற்சாரி நிலத்துக் கடலைக்கும் காய்கறிக்கும் நாங்கள் எழுதிக்கொடுத்த பரிந்துரையும் அதுவே. குடிநீரில் நைட்ரேட் அளவை அங்கே லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்றும், இங்கே 45 மில்லிகிராம் என்றும் வரம்பு வைத்திருப்பதைப் பார்த்து, நம் வரம்பு தளர்வானது என்று பலர் எண்ணுகிறார்கள். அவர்கள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் எடை போடுகிறார்கள், நாம் நைட்ரேட் முழுவதையும் எடை போடுகிறோம். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான். வேலந்தாவளம் பக்கம் காய்கறி போடுகிறவர்கள் கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுத்தால், அறிக்கையில் எந்த முறையில் எழுதியிருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.